பொழிப்புரையின் அரசியல்

பொழிப்புரை என்றால் என்ன? பத்தாம் வகுப்புப் பையனைக் கேட்டால் சொல்லிவிடுவான். பாட்டில் உள்ளதைச் சொந்த நடையில் திரட்டிச் சொல்வது. அதற்கு மார்க்கு உண்டு. அதே பையனுடைய அப்பா அடிபட்டுக் காவல் நிலையம் போய் வாயால் சொன்னதை ஏட்டய்யா திரட்டி எழுதுகிறாரே, அதற்கு என்ன பெயர்? அதுவும் பொழிப்புரைதான். அதற்கு மார்க்கு கிடையாது. வழக்கு நிற்குமா விழுமா என்பது அந்தப் பொழிப்பில் இருக்கிறது. தமிழ்த்துறைக்காரர்கள் முன்னதைப் பற்றி மட்டும் பேசுவார்கள். வக்கீல்கள் பின்னதைப் பற்றி மட்டும் பேசுவார்கள். இரண்டும் ஒரே தறியில் நெய்த துணி என்பது என் கட்சி.

முதலில் சொற்களைப் பார்த்துவிடுவோம். பதவுரை, பொழிப்புரை, கருத்துரை, விளக்கவுரை, தெளிவுரை, காண்டிகையுரை, விருத்தியுரை என்று தமிழில் உரைக்குப் பஞ்சமில்லை. இறையனார் களவியலுக்கு எழுந்த உரை, உரைக்கும் முறையை நான்காகப் பிரிக்கிறது: கருத்துரைத்தல், கண்ணழித்தல், பொழிப்புத் திரட்டல், அகலங் கூறல். இன்ன நோக்கத்தில் சொன்னது என்று காட்டுவது கருத்து. சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் சொல்வது கண்ணழித்தல். இன்றைக்கு நாம் பதவுரை என்கிறோம். பிரித்ததைத் திரும்பத் திரட்டுவது பொழிப்பு. கேள்வி எழுப்பி, விடை சொல்லி, விரித்துக்கொண்டு போவது அகலம். வரிசையைக் கவனியுங்கள். கண்ணழித்த பிறகுதான் பொழிப்பு வருகிறது. சொல்லைப் பிரித்துக் காட்டாதவனுக்குத் திரட்டிச் சொல்லும் யோக்கியதை இல்லை என்றே இந்த வரிசையை நான் படிக்கிறேன். நன்னூல்காரர் உரைக்குப் பதினான்கு உறுப்பு சொல்கிறார். அதில் முதலாவது 'பாடம்'. அதாவது மூலத்தை முதலில் வை. அப்புறம் பேசு.

இங்கிலீஷில் இதைப் 'பாராஃப்ரேஸ்' என்பான். கிரேக்க வேர். 'பாரா' என்றால் பக்கத்தில். அடுத்த பாதிக்குச் சொல்வது என்று பொருள். பக்கத்தில் நின்று சொல்வது. 1680இல் டிரைடன், ஓவிட் என்ற லத்தீன் கவியின் மடல்களுக்கு வந்த மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில் மூன்று தினுசு சொன்னார். சொல்லுக்குச் சொல் போவது 'மெட்டாஃப்ரேஸ்'. சொல்லை விட்டுக் கருத்தைப் பிடித்துக்கொண்டு போவது 'பாராஃப்ரேஸ்'. இரண்டையும் விட்டுவிட்டு மனம்போன போக்கில் போவது 'இமிட்டேஷன்'. நம்மூர் உரைகாரர்களில் மூன்றாவது தினுசு அதிகம், ஆனால் போர்டு மட்டும் இரண்டாவதின் பெயரில் மாட்டியிருப்பார்கள்.

பக்கத்தில் நின்று சொல்வது என்பது அழகான சொல்தான். யார் பக்கத்தில் நின்று என்று கேட்டால்தான் வம்பு.

*

திருக்குறளையே எடுத்துக்கொள்வோம். 972ஆம் குறள். பெருமை என்ற அதிகாரம். பிறப்பு எல்லா உயிர்க்கும் ஒத்தது, செய்யும் தொழிலில் உள்ள வேறுபாட்டால் சிறப்பு ஒத்திருப்பதில்லை என்பது அதன் பொழிப்பு. முதல் பாதியை மட்டும் சுவரில் எழுதுவார்கள், மேடையில் முழங்குவார்கள். இரண்டாம் பாதியை மறந்துவிடுவார்கள். அது கிடக்கட்டும்.

பரிமேலழகர் இதற்கு என்ன செய்கிறார்? பொழிப்பில் ஆள் ஒழுங்காகத்தான் இருக்கிறார். எல்லா உயிர் என்பதை மக்கள் உயிர் என்று ஒரு படி இறக்குகிறார். அதைக்கூட மன்னித்துவிடலாம், ஆடுமாட்டுக்குப் பெருமை சிறுமை பேச முடியாதுதான். ஆனால் பொழிப்பு முடிந்ததும் ஒரு விளக்கம் வருகிறது. வினையின் வசத்தால் உடம்பு எடுத்து அதன் பயனை அனுபவிப்பது எல்லா வருணத்தார்க்கும் பொது, அதனால் பிறப்பு ஒத்தது என்றார். தொழில் பாகுபாடுகள் வருணந்தோறும் வேறுபடுகின்றன, அதனால் சிறப்பு ஒவ்வாது என்றார் என்று சொல்லிக்கொண்டு போகிறார். வருணம்! குறளில் உள்ள ஏழு சீரையும் தலைகீழாகப் போட்டு உலுக்கினாலும் விழாத சொல். கண்ணழித்துப் பார்த்தால் எங்கேயும் அகப்படாத சொல். பதவுரையில் வைக்க முடியாது, கையும் களவுமாகப் பிடிபடும். பொழிப்பிலும் வைக்கவில்லை. அகலத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கடைசியில் 'என்றார்' என்று வள்ளுவன் தலையில் முடிச்சுப் போட்டார்.

அந்த 'என்றார்' பெரிய ஆயுதம் தோழர்களே. உரைகாரன் சொல்வதெல்லாம் மூலகர்த்தா சொன்னதாகிவிடும்.

133ஆம் குறளுக்குப் போங்கள். ஒழுக்கம் இருப்பதுதான் குடிமை, ஒழுக்கம் தவறினால் அது இழிந்த பிறப்பு என்கிற குறள். பிறப்பின் மேல் கட்டிய வீட்டை ஒரே அடியில் சாய்க்கிற இடம். அந்த அடி விழாமல் பரிமேலழகர் கை கொடுத்துத் தடுக்கிறார். பிறந்த வருணத்துக்குள்ளே தாழ்ந்த குலத்தவன் ஒழுக்கத்தால் உயர்ந்த குலத்தவன் ஆவான். உயர்ந்த வருணத்தில் பிறந்தவன் ஒழுக்கம் தவறினால் தாழ்ந்த வருணத்தவன் ஆவான் என்பது அவர் தரும் விளக்கம். இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏறுகிறவன் தன் வருணத்துக்குள்ளேதான் ஏறலாம். இறங்குகிறவனுக்கு மட்டும் வருணம் தாண்டிக் கதவு திறந்திருக்கிறது. வள்ளுவன் வைத்த ஏணியில் மேல்படியை அறுத்துவிட்டு ஏணியை அப்படியே சாத்தி வைத்திருக்கிறார் மனுஷன். அறம் என்றால் மனு முதலிய நூல்கள் செய் என்றதைச் செய்வதும் செய்யாதே என்றதை விடுவதும் என்று தொடக்கத்திலேயே வரையறை போட்டுவிட்டு உள்ளே வருகிறவர் வேறென்ன செய்வார்?

"அதெல்லாம் அந்தக் காலத்துச் சிந்தனை. இலக்கண நுட்பத்துக்குப் பரிமேலழகரைப் போல உண்டா?" என்று பேராசிரியப் பெருமக்கள் சொல்வார்கள். நுட்பம் இல்லையென்று யார் சொன்னது? பூட்டைத் திறக்கிறவனுக்கும் நுட்பம் உண்டு. பதின்மர் உரை எழுதினார்கள் என்பது மரபு. மணக்குடவர், பரிதியார், காலிங்கர், பரிப்பெருமாள் உரைகள் கையில் கிடைக்கின்றன. ஆனாலும் நூற்றாண்டுக் கணக்கில் மடத்திலும் கல்லூரியிலும் குறள் என்றால் பரிமேலழகர் என்று ஆகிப்போனது எப்படி? உரை மூலத்தின் பக்கத்தில் நின்ற காலம் போய் மூலத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது எப்படி? இதைக் கேட்டால் இலக்கிய ரசனை இல்லாதவன் என்பார்கள்.

இருபதாம் நூற்றாண்டில் இதை உடைக்க முயன்றார்கள். 1949இல் பெரியார் சென்னையில் திருக்குறள் மாநாடு கூட்டினார். புலவர் குழந்தை உரை எழுதினார். மு.வரதராசனாரின் சின்னத் தெளிவுரை வீட்டுக்கு வீடு போனது. வருணம் உதிர்ந்தது, நல்லது. ஆனால் மு.வ. 972க்குச் சொல்லும் தெளிவுரையை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். குறளில் இருப்பது தொழில் வேற்றுமை. வேற்றுமை என்றால் வேறாக இருப்பது. மு.வ. அதைத் தொழில்களின் உயர்வு தாழ்வு என்று விரிக்கிறார். வேறாக இருப்பது மேல்கீழ் ஆகிவிட்டது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லவில்லை. சாதியை நம்பாத தமிழனுக்கும் செருப்புத் தைப்பது கீழ், கணக்கு எழுதுவது மேல் என்பது சொல்லாமலே தெரிந்த விஷயமாக இருக்கிறது. அது பொழிப்பில் தானாக வழிந்துவிடுகிறது. பரிமேலழகரைப் பிடிக்கலாம். அவர் வருணம் என்று வாய்விட்டுச் சொல்கிறார். இது அப்படிப் பிடிபடாது.

இதற்கெல்லாம் முன்னாலேயே வேறு தரையில் நின்று உரை எழுத உட்கார்ந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். 1907இல் தொடங்கிய அவருடைய 'தமிழன்' பத்திரிகையில் குறளைத் 'திரிக்குறள்' என்று வாசித்தார். திரிபிடகத்தின் வழிநூல் என்பது அவர் வாதம். 1914இல் அவர் இறந்தபோது உரை பாதியில் நின்றது. அவர் பொருள் சொல்லும் முறை எல்லாம் எனக்கு உடன்பாடு என்றில்லை, சில இடங்களில் சொல்லைப் பிழிந்து எடுத்துவிடுகிறார். ஆனால் உரை என்பது யார் உட்கார்ந்து எழுதுகிறார் என்பதைப் பொறுத்தது என்று காட்டியவர் அவர். ஞான.அலாய்சியஸ் தொகுத்து 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவரும்வரை நம் தமிழ்த்துறைகளுக்கு இப்படி ஓர் உரைகாரர் இருந்த நினைவே இல்லை.

அவர் எழுதிவைத்த ஒரு செய்தி இங்கே பொருந்தும். ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தன் பாட்டனார் கந்தப்பன், வீட்டிலிருந்த குறள் ஏட்டைத் துரையிடம் கொடுத்தார், அது எல்லீஸ் துரை கைக்குப் போனது என்கிறார் பண்டிதர். நம் இலக்கிய வரலாறுகளில் இது எப்படித் திரட்டப்படும்? 'எல்லீசுக்குச் சுவடிகள் கிடைத்தன.' கிடைத்தன! மரத்திலிருந்து மாங்காய் விழுந்த மாதிரி. கொடுத்த கை பொழிப்பில் காணாமல் போய்விடுகிறது.

*

இலக்கணத்தில் இதற்கு இடம் இருக்கிறது. செய்வினையில் செய்தவன் முன்னால் நிற்பான். செயப்பாட்டு வினையில் அவனை விட்டுவிடலாம், வாக்கியம் குறைபடாது. 'தாழ்ந்தவர்' என்று எழுதினான். அப்படியென்றால் இயல்பிலேயே தாழ்ந்துபோனவர், யாரும் எதுவும் செய்யவில்லை. போராடி அதைத் 'தாழ்த்தப்பட்டவர்' ஆக்கினோம். யாரோ தாழ்த்தியிருக்கிறான் என்கிற அளவுக்கு வந்தது. யார் என்பதற்கு இன்னும் இடம் காலிதான். 1922இல் சென்னை மாகாணத்தில் எம்.சி.ராஜாவின் முயற்சியால் 'ஆதிதிராவிடர்' அரசு ஏட்டில் ஏறியது. அது நாம் நமக்கு வைத்துக்கொண்ட பெயர். 1933இல் காந்தி 'ஹரிஜன்' என்று பத்திரிகையே தொடங்கினார். அது அவர் நமக்கு எழுதிய கருத்துரை. 1938இல் பம்பாய் சட்டமன்றத்தில் அந்தச் சொல்லைச் சட்டத்தில் எழுதப் போனபோது அம்பேத்கரும் அவரது கட்சிக்காரர்களும் எழுந்து வெளியே போனார்கள். ஒரு சொல்லுக்காகவா வெளிநடப்பு என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். இப்போதும் இருக்கிறார்கள்.

நன்னூல் இன்னொரு சொல் தருகிறது: இடக்கரடக்கல். சபையில் சொல்லக் கூசும் சொல்லுக்குப் பதிலாக வேறொன்றைச் சொல்வது. கால் கழுவி வந்தேன் என்கிறோமே, அது. தோட்டி துப்புரவுத் தொழிலாளி ஆனார், சுகாதாரப் பணியாளர் ஆனார், 2020இல் தமிழக அரசு அறிவிப்பில் தூய்மைப் பணியாளர் ஆனார். மலக்குழிக்குள் மனிதனை இறக்கக் கூடாது என்று 2013இல் மத்தியச் சட்டம் வந்தது. இறங்கிச் செத்தவன் பற்றிய செய்தி இன்றும் வருகிறது. 'விஷவாயு தாக்கித் தூய்மைப் பணியாளர் பலி.' இதில் தாக்கியது வாயு. இறக்கியவன் எங்கே?

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். கூலித் தகராறு என்று அதற்குப் பொழிப்புச் சொன்னவர்கள் உண்டு. கூலியும் அதில் இருந்தது, உண்மைதான். பொழிப்புரையின் சாமர்த்தியமே அங்கேதான் இருக்கிறது. அது பொய் சொல்வதில்லை. உள்ள உண்மையில் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைக் கீழே போட்டுவிடும். 'இரு தரப்பினர் மோதல்' என்ற செய்தித்தாள் தலைப்பைப் போல. ஒரு தரப்பு தெருவில் புகுந்தது, ஒரு தரப்பு கூரை இழந்தது. மோதல்!

இலக்கியத்திலும் இதே கதைதான். 1947இல் கிளியந்த் புரூக்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் கவிதையைப் பொழிப்பாக்குவது மதத்துரோகம் என்கிற பொருளில் ஒரு கட்டுரைக்குத் தலைப்பே வைத்தார். உருவி எடுத்த செய்தி கவிதை ஆகாது என்பது வாதம். நம்மூர்க் கலைச்சுத்தக்காரர்களுக்கு இந்த வேதம் மனப்பாடம். அவர்களுடைய ஆட்களின் கவிதை என்றால் மௌனம், படிமம், சொற்களுக்கு இடையிலுள்ள வெளி என்று பக்கம் பக்கமாகக் கண்ணழிப்பார்கள். நம்மவன் கவிதை வந்தால் மட்டும் ஒரே வரி: 'சாதிக் கொடுமையை ஆவேசத்துடன் சாடுகிறார்.' முடிந்தது விமர்சனம். மதத்துரோகம் நமக்கு மட்டும் செல்லும். பாமாவின் 'கருக்கு' 1992இல் பேச்சுமொழியிலேயே வந்தது. அதை வட்டார வழக்கு என்றார்கள். மயிலாப்பூரும் ஒரு வட்டாரம்தானே? தஞ்சாவூர் அக்கிரகாரத்துப் பேச்சில் கதை எழுதியவனுக்கு யாராவது பின்னால் சொற்பொருள் அகராதி போட்டார்களா?

*

இனி ஏட்டய்யாவிடம் வருவோம்.

நம் சனம் நடந்ததைச் சொல்லும்போது எப்படிச் சொல்லும்? நேர்க்கூற்றில்தான் சொல்லும். "'பறப்பயலுக்கு என்னடா பைக்கு'ன்னு கேட்டான் சார். 'எறங்கித் தள்ளிட்டுப் போடா'ன்னான். நா எறங்கல. அடிச்சிட்டான்." இதில் வரும் 'ன்னு' இருக்கிறதே, அது எழுத்துத் தமிழின் 'என்று'. மேற்கோள் குறி வருவதற்கு முன்னாலிருந்தே தமிழனின் மேற்கோள் குறி. அவன் வாயில் வந்ததை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து வைக்கும். (சொல்லைப் புள்ளி வைத்து மறைத்து எழுதியிருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். மறைத்தால் நானும் ஏட்டய்யாதான்.)

தாளில் இறங்கும்போது இது என்ன ஆகிறது? 'வழிமறித்துத் தகாத வார்த்தைகளால் திட்டி, கையால் தாக்கி, கொலைமிரட்டல் விடுத்ததாகவும்...' எல்லாம் அயற்கூற்று. 'என்று' போய் 'தாக' வந்துவிட்டது. 'தகாத வார்த்தை' என்பது சுத்தமான இடக்கரடக்கல். ஏட்டய்யாவுக்குக் கூச்சம். எவ்வளவு பண்பாடு பாருங்கள்! இந்தப் பண்பாட்டின் விலை என்ன தெரியுமா? தகாத வார்த்தை என்றால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 294(பி). 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 296. ஆபாசமாகப் பேசிய குற்றம். 294(பி), 323, 506 என்ற மூன்று பழைய எண்களும் தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் அண்ணன் தம்பி மாதிரி சேர்ந்தே வந்துகொண்டிருந்தன. சாதிப் பெயர் தாளில் இருந்தால்தான் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். 2015 திருத்தத்துக்குப் பின் அதில் 3(1)(எஸ்) என்ற பிரிவே, பொதுப்பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பெயர் சொல்லி வசைபாடுவதைத் தனிக்குற்றமாக வைக்கிறது. அதாவது இங்கே குற்றம் நடந்ததே அந்தச் சொல்லில்தான். அந்தச் சொல்லை எடுத்துவிட்டுக் குற்றத்தின் சுருக்கத்தை எழுத முடியாது. பொழிப்புரை எழுதியவுடன் குற்றம் காணாமல் போகிற ஒரே வழக்கு இதுவாகத்தான் இருக்கும்.

சட்டத்தையும் கொஞ்சம் கண்ணழிப்போம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 154, இப்போதைய பி.என்.எஸ்.எஸ். 173. வாயால் சொன்ன தகவலை எழுத்தில் கொண்டுவர வேண்டும், சொன்னவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், அவர் கையெழுத்து வாங்க வேண்டும், அதன் சாரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும், நகல் இலவசமாகத் தர வேண்டும். இரண்டு வேலை இதில் இருக்கிறது. தகவலை எழுதுவது ஒன்று, சாரத்தை எழுதுவது இன்னொன்று. முன்னது மூலம், பின்னது பொழிப்பு. நடப்பில் மூலம் என்று ஒன்று எழுதப்படுவதே இல்லை. நேரே சாரம்தான். சொன்னது காற்றில் போய்விட்டது, எழுதினது நிலைத்துவிட்டது. வழிநூல் முதல்நூல் ஆகிவிட்டது. திருக்குறளுக்காவது மேலே மூலம் அச்சாகியிருக்கிறது. பரிமேலழகரைப் படித்து முடித்தவன் மேலே பார்த்து 'வருணம் எங்கேயா?' என்று கேட்கலாம். நம் ஆள் எங்கே அண்ணாந்து பார்ப்பான்? (எழுத்தில் கொண்டுவருவதற்கு இங்கிலீஷ் சட்ட வாசகத்தில் 'ரெட்யூஸ்' என்று ஒரு வினைச்சொல் வருகிறது. குறைப்பது என்றும் அதற்குப் பொருள் உண்டு. யோக்கியமான சட்டம்.)

சாட்சி சொல்லும்போது நீதிமன்றத்தில் நம் ஆள் நடந்ததை நடந்தபடி, அந்தச் சொல்லோடு சொல்வான். எதிர்தரப்பு வக்கீல் எழுந்து, 'முதல் தகவல் அறிக்கையில் இது இல்லையே, பின்னால் சேர்த்துச் சொல்கிறீர்கள்' என்பார். தன் வாயால் சொன்னதைத் திரும்பச் சொன்னவன் பொய்யன். அதைத் திரித்து எழுதியவனின் தாள் சாட்சி.

இது நாடாளுமன்றத்துக்கே தெரிந்த சங்கதி. அதனால்தான் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அந்த 2015 திருத்தம், 4ஆம் பிரிவில் அரசு ஊழியரின் கடமைகளை எழுதும்போது முதல் கடமையாக எதை வைத்தது? வாய்மொழித் தகவலை எழுதியபின் கையெழுத்து வாங்கும் முன் அதைப் படித்துக் காட்டுவதை. வேண்டுமென்றே தவறினால் பட்டியல் சாதியைச் சேராத அரசு ஊழியருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை சிறை. ஏற்கெனவே பொதுச் சட்டத்தில் இருந்த கடமையைத் திரும்ப ஒருமுறை தண்டனையோடு எழுத வேண்டியிருந்தது என்றால் நடப்பு என்னவென்று புரிந்துகொள்ளுங்கள். 15ஏ பிரிவின் 10ஆம் உட்பிரிவு இந்தச் சட்டப்படியான நடவடிக்கைகள் எல்லாவற்றையும் வீடியோவில் பதிய வேண்டும் என்கிறது. மூலத்தைக் காப்பாற்றச் சட்டம் கண்ட வழி. எந்த ஊரில் கேமரா ஓடுகிறது என்று தோழர்கள் போய்ப் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் பெயருக்கே பொழிப்பு நடந்திருக்கிறது. நம் ஊர்களில் இன்றும் 'பி.சி.ஆர். கேஸ்' என்றுதான் பேச்சு. பி.சி.ஆர். என்பது 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம். 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. 1989ஆம் ஆண்டுச் சட்டம் வேறு. அதன் பெயரில் கொடுமை என்ற சொல் இருக்கிறது. வாயில் பி.சி.ஆர். என்று சொல்லச் சொல்ல அந்தச் சொல் மறைந்து மூன்று எழுத்து மிஞ்சுகிறது. 'பி.சி.ஆர். போட்டு மிரட்டுறானுங்க' என்று ஆதிக்கசாதிக்காரன் சொல்வதற்கு அந்த மூன்று எழுத்து சௌகரியம். கொடுமை வழக்குப் போட்டு மிரட்டுகிறான் என்று சொல்லிப் பார்க்கட்டும், நாக்கு தடுக்கும்.

2018 மார்ச் 20 அன்று உச்சநீதிமன்றத்தில் இரு நீதிபதிகள் அமர்வு, இந்தச் சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லி முதற்கட்ட விசாரணை, கைதுக்கு முன் அனுமதி என்று வேலி போட்டது. காவல்துறையே 'பொய்' என்று முடித்துவைத்த கணக்குகளும் விடுதலைக் கணக்குகளும் அந்தத் தீர்ப்பில் பேசப்பட்டன. 'நிரூபிக்கப்படவில்லை' என்பதைப் 'பொய்' என்று திரட்டுவது எந்த இலக்கணம்? சாட்சி பயந்து பிறழ்ந்தாலும் விடுதலைதான், ஏட்டய்யா சொல்லை விட்டுவிட்டு எழுதினாலும் விடுதலைதான். ஏப்ரல் 2 அன்று நாடு முழுக்க பந்த் நடந்தது, பல உயிர்கள் போயின. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது. 2019 அக்டோபர் 1 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த வேலிகளைத் திரும்பப் பெற்றது. ஒரு சொல்லுக்குத் தப்பான பொழிப்பு எழுதியதைத் திருத்த இத்தனை பாடு.

*

நான் பாங்கில் கிளார்க்கு. இதே வேலை வேறு உருவத்தில் எங்கள் கவுண்டரிலும் நடக்கிறது. கைநாட்டு வைக்கும் வாடிக்கையாளருக்கு ஒரு வாசகம் உண்டு. பத்திரத்தின் விவரங்கள் தாய்மொழியில் படித்துக் காட்டப்பட்டு, விளக்கப்பட்டு, புரிந்துகொண்டு ரேகை வைத்தார் என்று ரப்பர் ஸ்டாம்பே தயாராக இருக்கும். கடன் பத்திரம் பத்துப் பன்னிரண்டு பக்கம், பொடி எழுத்து, இங்கிலீஷ். நான் முன்பு வேலை பார்த்த ஒரு கிளையில் மாட்டுக்கடனுக்கு வந்த ஒரு பெரியம்மா பெருவிரலை மைக்குக் கொடுப்பதற்கு முன்னால் கேட்டது: "இதுல என்னா சாமி எழுதியிருக்கு?" அதிகாரி சொன்ன பொழிப்பு: "வாங்குன பணத்தக் கட்டணும்னு எழுதியிருக்கு." பன்னிரண்டு பக்கத்துக்கு நாலு சொல். தப்பென்று சொல்ல முடியாது. வட்டி எப்போது ஏறும், ஜாமீன் போட்ட தம்பியை எப்போது பிடிப்பார்கள், மாடு செத்தால் இன்சூரன்சுக்கு எத்தனை நாளில் தகவல் தர வேண்டும் என்பதெல்லாம் மீதிப் பக்கங்களில் இருந்தன. அந்தம்மா விடவில்லை. "அத்தினி தாளுலயும் அது ஒண்ணேவா எழுதியிருக்கு?" என்று கேட்டது. பொழிப்புரை பற்றி நான் படித்த விமர்சனங்களில் இதைவிடக் கூர்மையானது வேறில்லை. அன்றைக்கு வரிசை நின்றுபோய், நான்தான் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படித்துச் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆனது. எனக்கு 'ரூல்ஸ் பேசுறவன்' என்று பெயரும் ஆனது.

அப்படியானால் திரட்டிச் சொல்வதே கூடாதா என்று கேட்பீர்கள். இயக்கக் கூட்டத்தில் சட்டத்தைப் பேச்சுத்தமிழில் சொல்கிறோமே, இரவுப் பள்ளியில் அம்பேத்கரை எளிதாக்கிச் சொல்கிறோமே, அது என்ன? அதுவும் பொழிப்புதான், அது இல்லாமல் நமக்கு நடக்காது. ஆனால் அங்கே எதிரே உட்கார்ந்திருக்கிற ஆள் கையை உயர்த்திக் 'கடைசியாச் சொன்னது புரியல, திருப்பிச் சொல்லு' என்று கேட்க முடியும். புத்தகம் மேசையில் கிடக்கும். காவல் நிலையத்தில் நின்றுகொண்டிருப்பவன் அப்படிக் கேட்க முடியுமா? உட்காரவே விடுவதில்லை.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும் மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. யாராவது புகார் கொடுக்கப் போனால் கூடப் போங்கள். முடிந்தால் வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள், நீங்கள் எழுதித் தரும்போது உங்கள் காலேஜ் தமிழைக் காட்டாதீர்கள். அவர் சொல்வதை அவர் சொல்கிறபடி எழுதுங்கள். திட்டினான் என்று எழுதாதீர்கள். என்ன சொல்லித் திட்டினான் என்று அந்தச் சொல்லையே போட்டு, 'என்று' வைத்து எழுதுங்கள். எந்த இடம், யார் யார் பார்த்தார்கள் என்பதும் வேண்டும், பொதுப்பார்வை என்ற சொல் சட்டத்தில் இருக்கிறது. சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து அனுப்பப் பார்த்தால் எஃப்.ஐ.ஆர். நகல்தான் வேண்டும் என்று நில்லுங்கள். அவர்களே எழுதினால் கையெழுத்துக்கு முன்னால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தச் சொல் வந்திருக்கிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். வாங்க மாட்டேன் என்றால் அதே மனுவை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். 173இன் 4ஆம் உட்பிரிவு அதற்குத்தான் இருக்கிறது. அங்கேயும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. தபால் ரசீதையும் மனுவின் நகலையும் வீட்டில் கூரையில் செருகி வைக்க வேண்டாம், மழைக்கு நனையும். பள்ளிச் சான்றிதழ் இருக்கும் டிரங்குப் பெட்டியில் வையுங்கள்.